நான் ஓடும் பாதையை முன்பின் தெரியாதவனுக்குக் காட்டிய வாட்ச் செயலி: புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (ரசீது இணைப்பில்),
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
ஸ்மார்ட் வாட்ச் நிறுவனம்.

ஐயா / அம்மா,

காவலர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறேன். வேகமும் நாடித்துடிப்பும் பார்க்க உங்கள் வாட்சை வாங்கினேன். போன வாரம் யாரென்றே தெரியாத ஒருவன் இன்ஸ்டாகிராமில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். உங்கள் செயலியின் வரைபடம். எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி, தென்பெண்ணைப் பாலம் வரை போய்த் திரும்பும் கோடு. பக்கத்தில் என் பெயரும் புறப்பட்ட நேரமும். கீழே, "நாளைக்கும் இதே டைம்தானா?"

அவன்மீது காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் அவன் கையில் வரைபடத்தைக் கொடுத்த உங்களுக்கு.

நான் ஓடுவது நிப்பட்டுக் கடை அண்ணனுக்கும் தெரியும், பால்காரருக்கும் தெரியும். அவர்களை எனக்கும் தெரியும். செயலியில் என்னைப் பார்ப்பவர்கள் யார், எத்தனை பேர் என்று நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை.

கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்க 'ஏற்கிறேன்' அழுத்தியிருக்கீங்க மேடம், செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம்" என்கிறார்கள். திரைமேல் திரையாகத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். 'எல்லோரும் பார்க்கலாம்' என்பது நீங்களே போட்டு அனுப்பும் அமைப்பு. நான் தொடவே இல்லை. 2018 ஜனவரியில், ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில் ராணுவத் தளங்களே தெரிந்து உலகம் முழுக்கப் பேச்சானது. அதற்குப் பிறகும் இப்படித்தான் விற்பீர்களா?

பாதை மட்டுமா? தூக்கம், இதயத் துடிப்பு, மாதவிடாய்த் தேதி எல்லாம் உங்கள் சர்வரில் இருக்கின்றன. 'கூட்டாளி நிறுவனங்களுடன் பகிரலாம்' என்று ஒரு வரி; யார் அந்தக் கூட்டாளிகள்? ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் அறிவிப்பைப் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். உடல்நிலைத் தகவலை அந்தரங்கமான (சென்சிட்டிவ்) தகவல் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளே சொல்லிவிட்டன. நம்பித் தந்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவது முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் சட்டம்.

அப்பாவுக்குச் சர்க்கரை. கையில் ஒட்டும் உங்கள் சென்சாரை வாங்கலாம் என்றிருந்தோம்; இனி இல்லை. வாட்சையாவது கழற்றி வைத்துவிட்டேன். தோலுக்குள் இழை நுழைந்து நாள்கணக்கில் ஒட்டியிருக்கும் அதை, வாட்சைப் போல நினைத்தபோது கழற்றி நினைத்தபோது மாட்ட முடியுமா? நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியப்பாவோ கழற்றுவதைப் பற்றி யோசிக்கவே முடியாது.

என் பதிவுகள் அனைத்தையும் சர்வரிலிருந்து அழித்து, அழித்ததை எழுத்தில் தெரிவியுங்கள். என் தகவல் எந்தெந்த நிறுவனங்களுக்குப் போனது என்ற பட்டியலும், வாட்சின் முழு விலையும் வேண்டும். பாதை யாருக்கும் தெரியாது என்பதே எல்லோருக்கும் தொடக்க அமைப்பாக இருக்க வேண்டும். இதை எனக்கு மட்டும் சலுகையாகச் செய்து முடித்துவிடாதீர்கள்.

குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பதும் அதே 2011 விதிதான். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வழக்கை நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்