சூளைப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பொங்கல் முடிந்ததும் ஆபீஸ் நண்பர்களோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். என்னிடம் படித்த பிள்ளை இன்னொரு பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசிக்கிறான்; மனசு நிறைந்துவிட்டது. பை வாங்கும் முன்னால் அந்தக் குடும்பங்களின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுக்கொள்.

அங்கே வேலை செய்பவர்களில் நிறையப் பேர் மேற்கு ஒடிஷாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். ஊரில் அறுவடை முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவார்கள். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணமும் அதில்தான் கழியும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் வேலையில் இறங்கிவிடும். பெரியவர்கள் மண் குழைத்துக் கல் அறுக்க, காய்கிற பச்சைக்கல்லைப் பிள்ளைகள் புரட்டிப் போடுவார்கள். எட்டு, ஒன்பது வயசுப் பெண் என்றால் கைக்குழந்தை அவள் இடுப்பில்தான் இருக்கும்.

அந்தப் பெண் பள்ளிக்கு வராததற்குப் பை இல்லாததா காரணம்? தம்பியை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? வந்தாலும் பாடம் தமிழில். பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்று இரண்டு இடத்திலும் படிப்பு அறுந்துபோகிறது. இவர்களுக்காக ஒடியா பாடநூல் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் மையங்களும் திருவள்ளூரில் நடந்திருக்கின்றன. அப்படி ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரி.

சட்டம் அவள் பக்கம்தான் நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்றோ, வருஷத்தின் நடுவில் வந்தாள் என்றோ அவளைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில் அந்த அம்மா யாரிடம் போய் இதைக் கேட்பாள்? நீங்கள் கூடப் போகலாமே. சூளையிலிருந்து பள்ளிக்கு வழி பெரும்பாலும் லாரி ஓடும் சாலை. சீசன் முடியும்வரை ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்தால் அது பெரிய உதவி. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தால் அக்காக்கள் வகுப்புக்கு வருவார்கள். உன் ஆபீசில் ஒடியா பேசுகிறவர் யாராவது இருப்பாரே, அவரையும் கூட்டிப் போ. தன் மொழியில் ஒரு கதை கேட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

இன்னொன்று. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவிலிருந்து 2022இல் வந்த காலை உணவுவரை, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது. போட்டோவில் அது தெரிந்துவிடும்.

நண்பர்கள் எல்லாரும் ஒரே நாளில் போக வேண்டாம். இரண்டிரண்டு பேராக, வாராவாரம், சூளை அணைகிறவரை போங்கள். மூன்றாம் வாரம் அந்தப் பெண் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அப்புறம் அவள் வராத நாளில் ஏன் வரவில்லை என்று நீங்களே தேடுவீர்கள்.

முதலில் அந்தப் பகுதிப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டு எனக்கு எழுது. ஆட்டோ செலவில் என் பங்கும் உண்டு.

அன்புடன்,
உன் டீச்சர்