துருத்தி உடம்புச் சண்டைக்காரன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. சண்டை விளையாட்டுக்குப் பழைய கார்ட்டூன் பாணியில் ஒரு பாத்திரம் செய்யப்போகிறாய் என்று படித்ததிலிருந்து மனம் அதிலேயே இருக்கிறது. கொல்லன் துருத்தியையே உடம்பாக வைத்திருக்கிறாயே, அது அருமை. குனிந்தால் மடிப்புகள் ஒடுங்கும், குதித்தால் விரியும், அடி வாங்கினால் காற்று புஸ்ஸென்று போகும். கைகால்கள் மூட்டில்லாமல் குழாய்போல் வளையும் 1920களின் ரப்பர்க்குழாய் பாணிக்கு இதைவிடத் தோதான உடம்பு கிடைக்காது. காற்றையே அவன் இருப்பாக்கிவிடு: சும்மா நிற்கும்போது நிரம்பட்டும், சிறப்பு அடிகளில் செலவாகட்டும். ஆனால் காற்றின் அளவுக்கேற்ப எல்லா அசைவையும் மூன்று பருமனில் வரையத் தொடங்கிவிடாதே, வேலை மூன்று மடங்காகும். நிற்கும் நிலைக்கு மட்டும் மூன்று பருமன் போதும்.

முகத்தை மாற்றத்தான் வேண்டும். கறுப்பு முகம், வட்டக் காது, வெள்ளைக் கையுறை என்று போட்டதுமே அது எல்லோருக்கும் தெரிந்த எலியான மிக்கி மவுஸ் ஆகிவிட்டது. 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்று முடிந்தது உண்மைதான். ஆனால் முடிந்தது அந்தப் பழைய வடிவத்துக்கான உரிமை மட்டும். பின்னால் வந்த வடிவங்களும் வணிகச்சின்ன உரிமையும் அப்படியே இருக்கின்றன. நீ செய்வது சொந்தப் பாத்திரம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிட முக்கியம். கையுறைக்கு நடைமுறைக் காரணம் உண்டு: கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை தெரியாது. அதே சமயம், கரிய முகம், அகன்ற வெள்ளை வாய், வெள்ளைக் கையுறை என்ற சேர்க்கை, கறுப்பின மக்களைக் கேலி செய்ய வெள்ளையர் முகத்தில் கரி பூசி நடித்த அமெரிக்க மேடை நிகழ்ச்சிகளோடு நெருங்கிய தொடர்புடையது. இந்த மூன்றையும் ஒன்றாக வைக்காதே. உன் ஆளுக்கு அதற்கான தேவையும் இல்லை. துருத்தியின் பித்தளை மூக்கையே அவன் மூக்காக்கு. முகத்துக்குத் துருத்தித் தோலின் வெளிர் நிறம் கொடு. கைக்குக் கொல்லன் பட்டறையின் தடித்த, முழங்கை வரை வரும் தோல் உறை போடு. கை தெரிய வேண்டும் என்ற தேவையும் நிறைவேறும், அவன் யார் என்பதும் தெரியும். ஒரு துண்டு வெட்டிய வட்டக் கண் இருக்கட்டும், அந்தப் பாணியின் உயிரே அதுதான். கருவிழியில் வெட்டிய துண்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஒவ்வொரு படத்திலும் பார்த்துக்கொள். பார்வை எப்போதும் எதிராளி மேல் இருக்க வேண்டும்.

இனி அசைவுக்கு வருகிறேன். உன் படங்களில் மிகப் பெரிய சிக்கல் இங்கேதான். பழைய கார்ட்டூனில் எல்லாம் ஓயாமல் நெளியும், சண்டை விளையாட்டிலோ ஆடுபவன் ஒரு பார்வையில் படித்துவிட வேண்டும். இரண்டுக்கும் இடம் உண்டு, வரிசை மட்டும் சரியாக வேண்டும். நெளிவை எல்லாம் அடி பட்ட பிறகு வை.

எண்ணிக்கையாகவே பார். விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம்; ஃபிரேம் என்பது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரம். ஒலி வந்த பிறகு பழைய கார்ட்டூன்கள் நொடிக்கு 24 ஃபிரேம், அதையும் பல நேரம் வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி நொடிக்கு 12 படமாக ஓட்டினார்கள். 60-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்குச் சரியாக 5 ஃபிரேம். நிற்பது, வெற்றிக் கொண்டாட்டம், அறிமுகம் எல்லாவற்றையும் இந்த 5 கணக்கில் ஓட்டினால் அந்தக் காலத்து ஓட்டம் தானாகவே வந்துவிடும். நொடிக்கு 24 படம் என்று போனால் ஒரு படத்துக்கு 2.5 ஃபிரேம் வரும், அரை ஃபிரேம் என்று ஒன்று இல்லை. 2, 3 என்று மாற்றி மாற்றி வைத்தால் சீரான அசைவில் லேசான தடுமாற்றம் தெரியும்.

அடிகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரு லேசான குத்தை எடுத்துக்கொள்: தொடக்கம் 5, தாக்கும் நேரம் 3, மீளும் நேரம் 10, மொத்தம் 18 ஃபிரேம். முன்தயாரிப்பாகக் கையைப் பின்னால் இழுத்து மூன்று சுற்றுச் சுற்றிக் குத்துவதாக நீ வரைந்திருக்கிறாய். 5 ஃபிரேமில் அதற்கு இடம் ஏது? ஒரே ஒரு படம், மடிப்புகள் ஒடுங்கி முஷ்டி மார்போடு ஒட்டியது, 3 ஃபிரேம். அடுத்து, வேகத்தைக் காட்ட நீளமாக இழுத்து வரைந்த படம், அதாவது ஸ்மியர் ஒன்று, 2 ஃபிரேம். பிறகு நேராக நீண்ட கை, 3 ஃபிரேம். கை அலை அலையாக ஆடித் திரும்புவதை மீளும் 10 ஃபிரேமில் நாலு படமாகத் தாராளமாக வரை. எதிராளி அப்போது பாதுகாப்பாக இருக்கிறான், நெளிவை ரசிக்கவும் நேரம் இருக்கிறது. கையைச் சுற்றும் அந்த அழகான வேலையை வீணாக்காதே, தொடக்கம் 24 ஃபிரேம் உள்ள மேலிருந்து இறங்கும் அடிக்கு வைத்துக்கொள். கண்ணால் பார்த்துக் கை அசையவே சுமார் கால் நொடி, அதாவது 15 ஃபிரேம் ஆகும். எதிராளி தடுக்க வேண்டிய அடி அதைவிட நன்றாக மெதுவாக இருந்தால்தான் நியாயம்.

நிரல் எழுதுபவரிடம் ஒன்றை முதலிலேயே கேட்டுவிடு: தொடக்கம் 5 என்றால் ஐந்தாவது ஃபிரேமிலேயே அடி படுமா, ஆறாவதிலா? சிலர் ஒருவிதமாக எண்ணுவார்கள், சிலர் வேறுவிதமாக. இது தெளிவாகாவிட்டால் எல்லா அடியிலும் படம் ஒரு ஃபிரேம் முந்தும் அல்லது பிந்தும்.

நீளும் கைக்கு இன்னொரு விதி. ரப்பர்க்குழாய்க் கைக்கு முழங்கை கிடையாது, பருமன் மாறாது, நீளம் மட்டும் மாறும். வளைந்த கைமேல் செவ்வக ஹர்ட்பாக்ஸ்களை (எதிராளியின் அடி படக்கூடிய இடத்தைக் குறிக்கும், திரையில் தெரியாத பெட்டிகள்) அடுக்கினால் எங்கோ வெற்றிடத்தில் அடி படும், எங்கோ கையின் ஊடாகவே அடி போய்விடும். அதனால் தாக்கும் 3 ஃபிரேமிலும் கை நேர்க்கோடு. முஷ்டிக்கு ஒரு ஹிட்பாக்ஸ் (அடிக்கும் இடத்தைக் குறிக்கும் பெட்டி), கைக்கு ஒரே நீண்ட ஹர்ட்பாக்ஸ். அந்த ஹர்ட்பாக்ஸ் ஸ்மியரிலேயே தொடங்கி, கை பாதி திரும்பும்வரை இருக்கட்டும். அது இல்லாவிட்டால் திரைக்குப் பாதி தூரம் கை நீட்டிவிட்டு எந்தத் தண்டனையும் இல்லாமல் திரும்பிவிடுவான், அவனோடு யாரும் ஆடமாட்டார்கள்.

அடி பட்டதும் இருவரும் உறையும் ஹிட்ஸ்டாப்பை லேசான அடிக்கு 8, பலத்த அடிக்கு 12 ஃபிரேம் என்று தொடங்கிப் பார். அப்போது உன் ஆள் கடைசி நீட்டத்தில் அசையாமல் நிற்கட்டும், அடி வாங்கியவன் மட்டும் இரண்டு மூன்று பிக்சல் அதிரட்டும். உறைநிலையிலும் கை ஆடினால் அடியின் கனம் போய்விடும்.

நிற்கும் நிலையில் துள்ளல் வேண்டும் என்கிறாய், வேண்டும்தான். இசை நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் ஒரு தாளம் 30 ஃபிரேம், 6 படம், ஒவ்வொன்றும் 5. தாளம் விழும் இடத்தில் உடம்பு கீழே இருக்க வேண்டும். உயரம் பத்தில் எட்டாகக் குறைந்தால் அகலம் கால் பங்கு கூடட்டும், பருமன் மாறாத உணர்வு வரும். உடம்பு துள்ளினாலும் ஹர்ட்பாக்ஸ் துள்ளக் கூடாது. ஒரே குத்து ஒரு தாளத்தில் பட்டு அடுத்த தாளத்தில் தலைக்கு மேல் போனால் ஆடுபவருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். நடையில் ஒரு காலடிக்கு 20 ஃபிரேம் வை. வேகம் ஃபிரேமுக்கு 4 பிக்சல் என்றால் காலடியின் நீளம் 80 பிக்சல். இந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் கால் தரையில் வழுக்கும்.

கோடு பற்றிச் சுருக்கமாக. 1080 பிக்சல் உயரத் திரையில் ஆள் 420 பிக்சல் என்றால் வெளிக்கோடு 5, மடிப்புக் கோடு 3. எந்திரம் போட்டதுபோல் ஒரே தடிமன் வேண்டாம், தூரிகையின் லேசான ஏற்றத்தாழ்வு வேண்டும். கறுப்புக் கால்கள் இருட்டு மேடையில் காணாமல் போகும், ஆகவே திரையில் அடர்ந்த கறுப்பு நிறம் பாத்திரங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள். துருத்தியின் கைப்பிடி இடப்பக்கம் மட்டும் இருக்கிறது. அவன் திரும்பி நிற்கும்போது படம் கண்ணாடிபோல் புரளும், கைப்பிடி பக்கம் மாறும். இரண்டு பக்கமும் வைத்துவிடு. பழைய ஃபிலிம் கீறலும் மினுக்கலும் பட்டியல் (மெனு) திரைகளில் அழகு, சண்டை நடக்கும்போது வேண்டாம்.

2012-இல் வந்த 'ஸ்கல்கேர்ள்ஸ்' சண்டை விளையாட்டில் வரும் பீகாக் என்ற பாத்திரத்தை நீ அறிவாய். மேலிருந்து பொருள் விழவைப்பது, தூரத்திலிருந்து குண்டு அனுப்புவது என்று கார்ட்டூன் நகைச்சுவையின் அந்தப் பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். உன்னவன் காற்றோடு இருக்கட்டும்: ஊதித் தள்ளுவது, உறிஞ்சி இழுப்பது, காலியானதும் சுருங்கி நிற்பது. மூன்றே சிறப்பு அடி போதும்.

வேலையின் அளவு தெரிந்திருக்கட்டும். நிற்க, குனிய, குதிக்க மூன்று வீதம் 9 சாதாரண அடி, ஒவ்வொன்றும் 9 படம் என்றால் 81. நடை, தாவல், தடுப்புக்கு 60. அடி வாங்குவது, விழுவது, எழுவதற்கு 50. சிறப்பு அடிகளுக்கு 45, பிடித்து எறிவதற்கு 15, சூப்பர் எனும் மிகப் பலத்த அடிக்கு 30, அறிமுகமும் முடிவும் 45. மொத்தம் 326. இதனால்தான் சொல்கிறேன், மையிடுவதைக் கடைசிக்குத் தள்ளு. முதலில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாகவே அவனை ஆடவிடு, பிறகு பென்சில் தோராயம், ஃபிரேம் எண்கள் நிலைத்த பிறகு மை. முன்பே மையிட்ட படங்களில் பாதி, யாரோ ஒரு அடியை 3 ஃபிரேம் குறைத்ததும் குப்பைக்குப் போகும்.

அடுத்த கடிதத்தில் அந்த லேசான குத்தின் தோராயப் படங்களை மட்டும் அனுப்பு, ஒவ்வொன்றின் மூலையிலும் எத்தனை ஃபிரேம் என்று எழுதி. புதிய முகத்தையும் கறுப்பு நிழலுருவாக நிரப்பி ஒரு தாளில் வை. மூக்கும் மடிப்பும் தெரிகின்றனவா என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்