சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பாம்பன் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், பிள்ளைகளுக்கு நோட்டு வழங்கியது, பொங்கல் விளையாட்டு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம். பாதித் தெருவுக்கு வந்திருக்கிறது.

இதய நோய் முகாமைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். செப்டம்பரில் ஒரு வேலை நாள், காலை 10 மணிக்கு வைத்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் பென்ஷன் வாங்குபவர்கள், கடைக்காரர்கள், விசைப்படகு முதலாளி வீட்டார். மதுரைக்குப் போய்ச் செக்கப் செய்துகொள்ள வசதியுள்ளவர்கள். கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்களும் கடல்பாசி எடுக்கிற பெண்களும் வரவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் எப்படி வருவார்கள்? நேரம் குறித்தது நான்தான். தப்பு என்னுடையது.

பிப்ரவரியில் அதே முகாமைச் சாயங்காலம் கரையிலேயே வைத்தோம். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பிரஷர் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் பலர்.

"பணக்கார வியாதிக்குச் சங்கம் ஏன் செலவு செய்கிறது?" என்று கேட்ட உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. 17 நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ப்யூர் (PURE) ஆய்வு, இதய நோய்க்கான காரணங்கள் பணக்கார நாடுகளில் அதிகம், சாவு ஏழை நாடுகளில் அதிகம் என்று கண்டது. மாத்திரையும் ஆஸ்பத்திரியும் கைக்கு எட்டுகிறதா என்பதில்தான் பெரிய வித்தியாசம். 2004இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருவது 53 வயதையொட்டி. மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி. 53 என்றால் நம் ஊரில் இன்னும் வலை இழுக்கிற வயது.

பெண்கள் நிலை இன்னும் மோசம். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் தாடை, முதுகு, தோள் மட்டும் வலிக்கலாம். மூச்சு வாங்கும், குமட்டும். நம் தெரு அக்கா ஒருவர், பாசி மூட்டை தூக்கிய வலி என்று இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முகாமில் நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சு கரித்தால் சோடா குடித்துப் பார்க்காமல் நேரே அங்கே போங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது. பிரஷர் கருவி வாங்கியதில் விழுந்த துண்டை நிர்வாகிகள் சிலர் போட்டுச் சரிக்கட்டினோம். பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. மூன்று கூட்டங்கள் ஆள் சேராமல் கலைந்தன. தொழில் இல்லாத வீடுகளை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். முடிந்தவர்களும் தராமல் இருப்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முகாமுக்கு வந்த மருத்துவர்கள், செவிலியர்கள், பந்தல் போட்ட இளைஞர்கள், நிர்வாகிகள் அனைவருக்கும் நன்றி.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகு ஆட்கள் 61 நாள் கரையில் இருப்பார்கள். அந்த நாட்களுக்குள் இரண்டு சாயங்கால முகாம் வைக்க வேண்டும், ராத்திரி அவசரத்துக்கு ஒரு வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். செயலாளராக நான் தொடர்வது பொதுக்குழுவின் முடிவு. யார் வந்தாலும் இதை விட்டுவிட வேண்டாம். பாக்கிச் சந்தா வந்தால் வண்டி வாடகைக்குப் போதும். ரசீதுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.