அது குடிசை இல்லீங்க, குடிசை வேஷம்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழம மலர்ல புதுச்சேரி பழைய வீடுங்க பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், பிரெஞ்சுக்காரன் கட்டுன வீதி, தமிழ்க்காரங்க வீட்டுத் திண்ணை எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, ஆனா கடைசி பக்கத்துல ஏதோ ரிசார்ட் போட்டோவ போட்டு கீழ "பாரம்பரிய மீனவர் குடிசை"ன்னு எழுதிட்டீங்க பாருங்க, அத பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல. நான் கடலூர்ல தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்துல பொறந்தவன், கல்யாணம் ஆவுற வரைக்கும் எங்க ஆயாவோட கூரை வீட்லதான் இருந்தேன்.

உங்க போட்டோல இருக்கறது கான்கிரீட் ரூம், மேல கீத்து ஒட்டியிருக்காங்க, அவ்ளோதான். தாவாரம், அதான் கூரையோட கீழ் விளிம்பு, எட்டடி உசரத்துல நிக்குது, கடல பாத்தாப்ல பெரிய கண்ணாடி ஜன்னல் வேற! ஐப்பசி கார்த்திகைல கடல்லேர்ந்து மழையோட அடிக்கிற காத்த ஒரு தடவ பாத்தவன் அப்படி கட்டுவானா? காத்து தாவாரத்துக்கு அடியில பூந்துச்சுன்னா கூரைய அப்படியே குடை மாதிரி தூக்கிடும். அதனாலதான் எங்க வீட்ல தாவாரம் நாலடிக்கு மேல இல்ல, கூரை நாலு பக்கமும் இறங்கும், எந்தப் பக்கமும் காத்து முட்டுறதுக்கு முக்கோணச் சுவர் கெடையாது. சரிவும் நல்லா செங்குத்தா இருக்கணும், படுத்தாப்ல வேஞ்சா தண்ணி ஓடாம ஓலைக்குள்ளயே நின்னு மக்கிடும். தாழ்வா இருக்கற தாவாரம் மண் சுவத்துல சாரல் படாமலும் பாத்துக்கும்.

ஆணி ஒண்ணு கூட கெடையாது, உப்புக் காத்துல துருப்புடிச்சிடும்ல. சவுக்குக் கழி, மூங்கில், பனஞ்சட்டம், எல்லாம் கயிறுலயும் பனை நார்லயும்தான் கட்டு. கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து குடுக்கும், அதனால காத்துல கூரை முனகுமே தவிர முறியாது. கீத்த பின்றதுக்கு முன்னாடி ஓலைய உப்பங்கழில ஊறப்போடுவாங்க, பூச்சி சீக்கிரம் அரிக்காது.

அப்புறம் பொகை. இத யாரும் எழுதறதே இல்ல. ஆயா வெறகு அடுப்புல சமைக்கிற பொகை கூரைக்குள்ள ஏறி ஓலை வழியாவே கசிஞ்சு போவும், உள்பக்கம் பூரா கரி படிஞ்சு தார் பூசுன மாதிரி மினுக்கும், கரையானும் வண்டும் கிட்ட வராது. கேஸ் அடுப்பு வந்தப்புறம் ஆயா கண்ணுக்கு நல்லது, ஆனா கூரை சீக்கிரமே உளுத்துப் போச்சு. அப்ப எங்க யாருக்கும் காரணம் புரியல.

ரொம்பவும் பெருமையா பேசல. சித்திரை வெயில்ல ஒரு பொறி போதும், தெருவே எரியும், அந்த பயத்தோட தூங்குனவங்க நாங்க. 2004 சுனாமில மண் சுவரு கரைஞ்சு போச்சு, அப்புறம் செங்கல் வச்சுதான் எழுப்புனோம். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஓலை பூரா பறந்துச்சு, ஆனா சட்டம் அப்படியே நின்னுச்சு, விழுந்து கெடந்த தென்னை மரத்து ஓலையவே பின்னி நாலஞ்சு நாள்ல வேஞ்சிட்டோம், பக்கத்து வீட்டு ஆஸ்பெட்டாஸ் ஷீட்டெல்லாம் நொறுங்கி, புதுசு வாங்க காசில்லாம தார்ப்பாயோட ரெண்டு மாசம் கெடந்தாங்க.

தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டைன்னு ஒண்ணு இருந்துச்சு, 1690ல வெள்ளக்காரன் வாங்குனது, 1758ல பிரெஞ்சுக்காரன் பிடிச்சு இடிச்சுட்டான். மிச்சம் இருக்கற சுவத்த பாரம்பரியம்னு எல்லாரும் எழுதறீங்க, எழுதுங்க. எங்க தெருவுல நான் சொன்ன மாதிரியே ஒரே ஒரு வீடு இன்னும் நிக்குது. அந்த வீட்டுப் பெரியவருக்கு அரசாங்கத்தோட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல பேரு வந்திருக்கு, மூன்றரை லட்சம், 360 சதுர அடி வீடு, பொங்கல் கழிச்சு பிரிக்கப் போறாராம். அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன், கூரை வேய இப்ப ஆளும் கெடைக்கல ஓலையும் கெடைக்கல, வயசான காலத்துல ஒழுகாத வீட்ல படுக்கட்டும். அதுக்குள்ள உங்க ஆள் ஒருத்தர டேப்போட அனுப்பி உசரம், சரிவு, கட்டு போட்ட விதம் எல்லாத்தையும் அளந்து போட்டோவோட போடுங்க. வர்றவர குனிஞ்சு வரச் சொல்லுங்க, போன தடவ வந்த கணக்கெடுப்புக்காரர் நெத்திய இடிச்சுக்கிட்டுதான் போனாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கடலூர்