மாடியில் ஓர் ஆர்மி

நகரி, ஆந்திரா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் தறிக்கு நூல் வந்து இறங்கும், இல்லாவிட்டால் கரண்ட் போய்விடும். இவருக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் சென்னையிலேயே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான்.

சின்னவள் கொரியாக்காரப் பையன்களின் பாட்டுக்குப் பைத்தியமாகிவிட்டாளாமே என்று கேட்டிருந்தாய். ஆமாம்டி. பிடிஎஸ் என்று ஏழு பேர். 2013 ஜூனில் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து கிளம்பி, இன்று உலகத்தையே ஆட்டிவைக்கிறார்கள். அவர்களுடைய ரசிகர்களுக்கு ஆர்மி என்று பெயர். எனக்குப் பாட்டு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் இந்த ஆர்மி இருக்கிறதே, அதை வேடிக்கை பார்க்க ஆரம்பித்து இப்போது பாதி விஷயம் எனக்கும் அத்துப்படி.

போன ஆகஸ்ட் 31 ராத்திரி எங்கள் மாடியில் கேக் வெட்டினார்கள். அந்த ஏழு பேரில் கடைசிப் பையன் ஜங்குக், அவன் பிறந்தநாள் செப்டம்பர் 1. முந்தின நாளே ஏன் என்றால், கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறதாம். அங்கே பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே எட்டரை. எட்டரைக்குச் சரியாக மெழுகுவத்தி! கல்யாண முகூர்த்தத்துக்கே அரை மணி தள்ளி வருகிற வீடு நம்முடையது. புத்தூர், திருத்தணி, சித்தூர் என்று பல ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். பலரும் நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். தெலுங்கு பாதி, தமிழ் பாதி பேசிக்கொண்டிருந்தவர்கள் பாட்டு வந்ததும் ஏழு பேரின் முழுப்பெயரையும் வரிசை மாறாமல், தாளம் பிசகாமல் கத்தினார்கள். கச்சேரியில் ரசிகர்கள் கத்த வேண்டிய இடம் எது என்பதற்குக்கூட முறை இருக்கிறது. எல்லாம் ஊதா நிறம் வேறு. 2016-இல் அந்தக் குழுவில் ஒருவன் மேடையில் ஏதோ சொல்லப்போக, அன்றிலிருந்து ஊதாதான் இவர்கள் கொடி. சின்னவள் சாயப்பட்டறைக்குப் போய் மிச்ச ஊதா நூல் இருக்கிறதா என்று கேட்டாளாம், இவருக்கு மானம் போய்விட்டது.

நீ பார்க்க வேண்டியது அந்த போட்டோ கார்டு சமாசாரத்தை. ஒவ்வொரு ஆல்பத்துக்குள்ளும் ஒரு சின்ன அட்டைப் படம் வரும். யார் படம் என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டியவன் வராவிட்டால் இன்னொருத்தியிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்குச் சின்னவள் தபாலில் அனுப்புவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்குமேல் கெட்டி உறை, இரண்டு பக்கமும் அட்டை வெட்டி வைத்து டேப். டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடக்கி விடுகிறாள், பிரிப்பவளுக்கு நகம் போகக் கூடாதாம். உள்ளே இரண்டு மிட்டாய், கையால் எழுதிய சீட்டு. முன்பின் பார்க்காத ஒருத்திக்கு இவ்வளவும். ஆல்பம் கொரியாவிலிருந்து வருவதும் தனித்தனியாக இல்லை. ஒருத்தி எல்லோரிடமும் பணம் வாங்கி மொத்தமாகத் தருவித்து, தபால் செலவையும் சுங்கவரியையும் பங்கு போட்டுப் பிரித்துக் கொடுக்கிறாள். நம் தெருவில் சீட்டுப் பிடித்தவர்கள் இவளிடம் கணக்கு படிக்கலாம்.

நம் காலத்து ரசிகர் மன்றங்கள் நினைவிருக்கிறதா? இந்த ஊரில் தமிழ் நடிகருக்கு ஒன்று, தெலுங்கு நடிகருக்கு ஒன்று. கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவது, முதல் காட்சிக்கு அடித்துக்கொள்வது எல்லாம் ஆம்பிளைகள் வேலை. நாம் ஜன்னலிலிருந்து பார்த்தோம். இங்கே செயலாளரும் பொருளாளரும் மொழிபெயர்ப்பாளரும் பெண்பிள்ளைகள். அந்தப் பையன்கள் கொரிய மொழியில் ஏதாவது பேசி முடிப்பதற்குள் எங்கோ ஒரு ரசிகை காசு வாங்காமல் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுவிடுகிறாள். 2020-இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கான போராட்டத்துக்குக் குழுவும் கம்பெனியும் சேர்ந்து 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் தங்களுக்குள் வசூல் செய்து ஒரு நாள் போலத்தான் ஆகியிருக்கும், அதே 10 லட்சத்தைச் சேர்த்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் தொடங்கி ஒவ்வொருவராகக் கட்டாய ராணுவ சேவைக்குப் போனார்கள். இனி இந்தக் கூட்டம் கலைந்துவிடும் என்றார் இவர். 2025 ஜூனில் கடைசி ஆளும் திரும்பி வந்த அன்று இங்கே பாயசம்.

எல்லாம் நல்லதென்று சொல்லமாட்டேன். யார் படம் வரும் என்று தெரியாமல் விற்பது கம்பெனிக்காரனின் கெட்டிக்காரத்தனம், பிள்ளைகள் இரண்டு மூன்று வாங்கத்தானே செய்யும். பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கை ஏற வேண்டும் என்று ராத்திரியெல்லாம் பாட்டை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள், இது யாருக்காகக் கூலியில்லாத வேலை என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வருகிறது. 2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துச் சிறுமிகள் மூன்று பேர் கப்பலேறிக் கொரியா போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, இதோ நமக்குப் பக்கத்தில் காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் இவளுடைய போனை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. இவளுக்குக் கொரிய எழுத்து வாசிக்கத் தெரியும். ஒரு நோட்டுப் போட்டுத் தானாகக் கற்றுக்கொண்டாள். சேஜோங் என்ற ராஜா 1443-இல் சாதாரண ஜனங்களுக்காக உண்டாக்கிய எழுத்தாம், இப்போது அடிப்படை 24 தான். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாகும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். உயிர்மெய் என்று நம்மிடமும் அதுதானே என்றேன், வாயைப் பிளந்தாள். பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்தவள், வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிறாள், பஸ் போர்டில் ‘திருத்தணி’ என்று எழுதியிருந்தால் என்னைப் படிக்கச் சொல்கிறாள். ட்யூஷன் வைத்தேன், திட்டினேன், புத்தகம் வாங்கிப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. “அவங்க தமிழ்ல ஒரு பாட்டு பாடட்டும்மா, ஒரு வாரத்துல கத்துக்கறேன்” என்கிறாள். சிரிப்பதா அழுவதா, சொல்.

அப்புறம், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருவதாக எழுதியிருந்தாய். கூட்டத்தில் அங்கே அறை கிடைக்காது, நேராக இங்கே வந்துவிடு. உன் மருமகளுக்கு லுங்கித் துணியில் நைட்டி தைத்து வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசிவரை தங்குவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. 31-ஆம் தேதிக்கு மாடி புக் ஆகிவிட்டது.

உன்,
லலிதா