ஆர்டரில் வெப்பநிலையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தொழில் பக்கத்தில் இயந்திரப் பாகங்களுக்கான கோட்டிங் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் டங்ஸ்டன் கார்பைடு பூசிவிட்டால் தேய்மானக் கவலையே இல்லை என்பதுபோல முடித்திருந்தார்கள். பேட்டையில் ஸ்ப்ரே கோட்டிங் பட்டறை நடத்துகிறவன் நான். அதைப் படித்துவிட்டு நாளைக்கே நாலு பேர் உலைப் பக்கத்துப் பாகத்துக்கும் அதையே கேட்டு வந்து நிற்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் பூசும் பவுடரில் இரண்டு சரக்கு உண்டு: பீங்கான் போலக் கடினமான கார்பைடு, அதைப் பிடித்து வைத்திருக்கும் உலோகம். எச்.வி.ஓ.எஃப். என்கிற அதிவேகச் சுடர் கன்னில் எரிபொருளும் ஆக்சிஜனும் எரிய, பவுடர் ஒலியை மிஞ்சும் வேகத்தில் போய்ப் பாகத்தின் மேல் அறைந்து ஒட்டும். கனம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான். டங்ஸ்டன் கார்பைடைப் பிடித்து வைப்பது கோபால்ட். இன்னொரு வகையான குரோமியம் கார்பைடைப் பிடித்து வைப்பது நிக்கல்-குரோம்.

குளிர்ந்த இடத்தில் டங்ஸ்டனை மிஞ்ச ஆள் இல்லை. வைர முனையால் அழுத்தி அளக்கும் விக்கர்ஸ் கடினம் 1,000-க்கு மேல் சாதாரணமாகக் கிடைக்கும். குரோமியம் அதற்குக் கீழேதான். வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த எண்ணை எடுப்பது ஏசி அறையில், ஆறிப்போன துண்டில் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

போன வருஷம் வெளி மாவட்டத்து ஆலை ஒன்றிலிருந்து டேம்பர் ஷாஃப்ட், அதாவது புகையைக் கூட்டிக் குறைக்கும் தகட்டைத் திருப்பும் தண்டு, ஒன்று வந்தது. உலைப்புகை போகும் பாதையில் 600 டிகிரி வாக்கில் இருந்த பாகம். வேறெங்கோ டங்ஸ்டன் பூசியிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பூச்சு மஞ்சளும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. தண்டைத் தாங்கும் வளையமான புஷ் உரசும் இடத்தில் பூச்சே இல்லை, வெறும் இரும்பு பளபளக்கிறது. கூட வந்த பையன், "அண்ணாச்சி, இது சர்டிபிகேட்டோட வந்த சாமான்லா!" என்றான். சர்டிபிகேட் பொய் சொல்லவில்லை. அதில் வெப்பநிலை என்ற கட்டமே கிடையாது, அவ்வளவுதான்.

டங்ஸ்டன் கார்பைடு 500 டிகிரியை நெருங்கும்போதே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாக மாறத் தொடங்கும். அந்த மஞ்சள் பொடி அதுதான். அது கார்பைடைவிட அதிக இடம் பிடிக்கும், பிடித்தும் நிற்காது. கோபால்டும் சூட்டில் இளகித் தன் பங்குக்கு ஆக்சைடாகும். பிடிமானம் தளர்ந்ததும் கார்பைடு துகள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். விழுந்தவை சும்மா போகாமல் இடையில் சிக்கி, மிச்சத்தையும் அரம் போல அராவும்.

நிக்கல்-குரோம் வேறு மாதிரி. அதன் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிந்து ஆக்சிஜனை உள்ளே விடாது. 800 டிகிரி தாண்டியும் இந்தப் பூச்சைப் பயன்படுத்துகிறார்கள். சில நேரம் சூட்டில் உரசும்போது ஆக்சைடு துகள்கள் அரைபட்டு, இறுகி, கண்ணாடி மாதிரி வழவழப்பாகித் தேய்மானமே குறைந்துவிடும். சூடு என்றாலே கெடுதல் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அதை நம்பி டிசைன் போட முடியாது, எல்லா இடத்திலும் அமையாது.

அப்புறம், நின்று நின்று ஓடும் இயந்திரம். சூடாகும்போது எஃகு விரிவதில் டங்ஸ்டன் பூச்சு ஏறக்குறைய பாதிதான் விரியும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் இரண்டும் இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அடுத்து உரியப் போகிறது என்று அர்த்தம். குரோமியம் பூச்சின் விரிவு எஃகுக்குப் பக்கத்தில் வருவதால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

அதற்காக எல்லாவற்றுக்கும் குரோமியம் பூசச் சொல்லவில்லை. அதுவும் காசைக் கரியாக்குகிற வேலைதான். ஒரே சிமெண்ட் ஆலையில், சுமார் 300 டிகிரி புகையை இழுக்கும் விசிறிக்கு டங்ஸ்டன் தாராளமாகத் தாங்கும். அதைவிட உள்ளே தள்ளி இருக்கும் பாகத்துக்குத் தாங்காது. 1,450 டிகிரியில் கிளிங்கர் (அரைத்துச் சிமெண்ட் ஆக்கும் கட்டி) வேகும் இடத்துக்கு எங்கள் பூச்சு எதுவும் ஆகாது, அங்கே சூடு தாங்கும் செங்கல்தான். அக்னி நட்சத்திர வெயிலில் கோட்டிங் உருகாதா என்று கேட்பவர்களும் உண்டு. நம்ம ஊர் வெயில் கன் பிடிக்கிற ஆளைத்தான் உருக்கும்.

ஆலைக்காரர்களிடம் கேட்பது இதுதான். ஆர்டரில் கடினத்தோடு மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: பாகம் எத்தனை டிகிரியில் இருக்கும், எது அதை உரசும், மாதத்துக்கு எத்தனை தடவை ஆறிச் சூடாகும். இன்னும் சந்தேகமா? பூச்சு போட்ட சின்னத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் மஃபிள் ஃபர்னஸ் என்கிற சின்னச் சோதனை உலை இருந்தால், உங்கள் வெப்பநிலையில் சில நாள் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பூத்திருந்தால் பெரிய பாகத்தைப் பூசக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கோட்டிங் பட்டறைக்காரன்,
பேட்டை, திருநெல்வேலி.