ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளர் அறிக்கை, தெலுக் இந்தான், பேராக், மலேசியா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இக்கூட்டம் இரண்டு வாரங்களுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை, சேராததால் ஒத்திவைத்தோம். சட்டவிதி இடம் கொடுப்பதால், இன்று இருப்பவர்களைக் கொண்டே நடத்துகிறோம்.

பொங்கல் விழா நடந்தது. சித்ரா பௌர்ணமிக்குச் செட்டியார் கோயில் அருகே நீர்மோர் வழங்கினோம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். தீபாவளி விருந்துக்கு மட்டும் வருகை நிறைவாக இருந்தது.

இனி, நம் நகர வரலாற்றுக் கையேடு. இதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அது ஏன் சாய்ந்தது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விழிக்கிறார்கள். 1885-இல் லியோங் சூன் சோங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் கட்டியது, உயரம் 25.5 மீட்டர். வெளியே எட்டு அடுக்காகத் தெரியும், உள்ளே மூன்றே தளம். வறட்சிக்கும் தீயணைப்புக்கும் தண்ணீர் சேமிக்கும் தொட்டி அதற்குள் இருந்தது. அந்தப் பாரத்தை நம் ஆற்றங்கரையின் இளகிய மண் தாங்கவில்லை. இவ்வளவையும் தமிழில் எழுதி வைத்ததுதான் நான் செய்த குற்றம்.

கோபுரத்துக்கும் தமிழருக்கும் என்ன சம்பந்தம் என்று செயலவைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 1882-இல் ஆன்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி திட்டமிட்டு, 1982 வரை தெலுக் ஆன்சன் என்றே வழங்கிய ஊர் இது. பினாங்கிலிருந்து கடலோரக் கப்பல்கள் பேராக் ஆற்றில் ஏறி இங்குள்ள துறைக்கு வந்தன. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் வந்தது. ஈயமும் ரப்பரும் இந்த வழியாக வெளியேறின. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவ நம் பெரியவர்கள் இந்த வழியாக உள்ளே வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். ரயில் நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தண்டவாளம் போன தடத்தைக் காட்டவே வயதானவர் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. தோட்டங்களும் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டன. இப்போது எழுதாமல் எப்போது எழுதுவது?

பழைய குடும்பப் படங்கள் தருவதாக ஏழு பேர் கைதூக்கினார்கள். தந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் மறுநாளே திருப்பி வாங்கிக்கொண்டார். அட்டையை ஏன் வண்ணத்தில் அச்சிட்டீர்கள் என்றும் கேள்வி வந்தது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தால் கோபுரம் நிமிர்ந்திருக்குமா? விற்காத பிரதிகள் என் வீட்டு முன்னறையில் இருக்கின்றன. தண்ணீர் ஏறும் ஊர் என்பதால் பெட்டிகளைப் பலகைமேல் அடுக்கியிருக்கிறேன். வீட்டாரின் பொறுமைக்கு நன்றி.

ஆண்டுச் சந்தா 24 வெள்ளி (ரிங்கிட்), அதாவது மாதம் 2 வெள்ளி. கடையில் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கவே அது போதுமா என்பது சந்தேகம். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இதைக்கூடச் செலுத்தவில்லை. சிலர் நிலுவையோடு நிலுவையாக ஆலோசனையும் வழங்குகிறார்கள். யார் பெயரையும் இங்கே வாசிக்கப் போவதில்லை. பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது; மூத்தவர்களின் வசதிக்காக எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டிருக்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகவே நிற்கின்றன. கையேட்டுச் செலவில் ஒரு பகுதி மட்டும் இன்னும் சரிக்கட்டப்பட வேண்டும். சங்கப் பதிவிலாகாவுக்கு 60 நாட்களுக்குள் அறிக்கை போக வேண்டும் என்பதால், கேள்விகளை இன்றே கேட்டுவிடுவது நல்லது.

தலைவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், சமையலில் உதவிய மகளிர் பிரிவினருக்கும், தணிக்கையாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இளையவர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றால் மனமார மகிழ்வேன். யாரும் முன்வராவிட்டால் அவையின் விருப்பத்தை மீறும் எண்ணம் எனக்கு இல்லை. தோட்டங்களைப் பற்றிய இரண்டாம் பகுதிக்கான குறிப்புகள் என்னிடம்தான் இருக்கின்றன என்பதையும் அவையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். முதல் பகுதியின் விலை 5 வெள்ளி. தேநீர் மேசையருகே கிடைக்கும். சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்